செங்கால் அன்னமும் பாடும் அன்னமும்

சென்ற இதழின் அட்டையில் வந்த வெள்ளை அன்னம் நிறைய வாசகர்களைக் கடிதம் எழுத வைத்துவிட்டது. அந்தக் கேள்விகளையே இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். பள்ளியில் விலங்கியல் நடத்திப் பழகியவள் நான். கதையில் வரும் பறவையானாலும் அதன் காலும் அலகும் எப்படி இருக்கின்றன என்றுதான் முதலில் பார்ப்பேன். பதில்களிலும் அது தெரியும்.

என் மகன் ஹெல்சிங்கியில் வேலை பார்க்கிறான். அவன் கொண்டுவந்த 1 யூரோ நாணயத்தில் ஏரிக்கு மேலே இரண்டு பறவைகள் பறக்கின்றன. வீட்டில் எல்லோரும் கொக்கு என்கிறார்கள். சரியா?
*– சிவகாசி வாசகி*

கொக்கு இல்லை அம்மா, அன்னம். நாணயத்தைக் கையில் எடுத்துக் கழுத்தைப் பாருங்கள். கொக்கு பறக்கும்போது கழுத்தை மடக்கித் தோளுக்குள் இழுத்துக்கொள்ளும், கால்கள் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அன்னம் கழுத்தை நேராக முன்னே நீட்டிப் பறக்கும். கால்கள் வாலுக்கு அடியில் ஒடுங்கிவிடும். வயலில் கொக்கு எழும்பும்போது ஒருமுறை கவனித்தால் இந்த வித்தியாசம் மறக்காது.

நாணயத்தில் இருப்பது ஊப்பர் ஸ்வான். அதற்குப் பின்லாந்துக்காரர்கள் வைத்திருக்கும் பெயருக்குப் 'பாடும் அன்னம்' என்று பொருள். அலகில் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டை ஓடி, மூக்குத் துளையையும் தாண்டிக் கூராக முடியும். நுனி மட்டும் கறுப்பு. 1981 முதல் அதுதான் அந்த நாட்டின் தேசியப் பறவை.

நாணயத்தில் ஏறுவதற்கு முன்னால் அந்தப் பறவை கிட்டத்தட்ட இல்லாமலே போக இருந்தது. அதைச் சொல்லத்தான் உங்கள் கேள்வியை முதலில் வைத்தேன்.

பின்லாந்தின் காவியம் கலேவலா. உதயணன் என்ற பெயரில் எழுதிய ஆர். சிவலிங்கம் அதை முழுவதும் தமிழில் பெயர்த்து, 1994இல் நூலாக வந்திருக்கிறது. கிடைத்தால் வாங்கி வாசியுங்கள். அதில் துவோனலா என்று ஓர் இடம் வரும், நம் எமலோகம் மாதிரி. அதைச் சுற்றி ஓடும் கறுப்பு ஆற்றில் ஓர் அன்னம் மிதந்துகொண்டிருக்கும். லெம்மின்கைனன் என்ற வீரன் பெண் கேட்டுப் போகிறான். ஒரே அம்பில் அந்த அன்னத்தை அடித்துவர வேண்டும் என்று பெண்ணின் தாய் நிபந்தனை வைக்கிறாள். ஆற்றங்கரையிலேயே அவனைக் கொன்று, துண்டு துண்டாக வெட்டித் தண்ணீரில் போட்டுவிடுகிறார்கள். அவனுடைய அம்மா கொல்லனிடம் ஒரு பெரிய வாரி செய்து வாங்கி, ஆற்றை வாரி வாரி மகனின் துண்டுகளைச் சேர்த்து உயிர் கொடுக்கிறாள். அந்த அம்மாவுக்காகவே அந்தப் பகுதியை எத்தனை முறையும் வாசிக்கலாம்.

இந்த அன்னத்தை வைத்துத்தான் இசையமைப்பாளர் சிபேலியுஸ் 'துவோனலாவின் அன்னம்' என்ற இசைக்கோவையை எழுதினார். அதற்கப்புறம் 1915 ஏப்ரல் 21. காலை 11 மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவருடைய ஏரிக்கரை வீட்டுக்கு மேலே 16 அன்னங்கள் வந்தன. வட்டமடித்துவிட்டுச் சூரியன் இருந்த பக்கம் போய் மறைந்தன. தன் வாழ்வின் மிகப் பெரிய அனுபவங்களில் ஒன்று இது என்று அன்றே நாட்குறிப்பில் எழுதினார். அப்போது அவர் ஐந்தாவது சிம்பொனியை எழுதிக்கொண்டிருந்தார். அதன் கடைசிப் பகுதியில் ஹார்ன் வாத்தியங்கள் மேலும் கீழுமாக ஆடி ஆடி ஒரு மெட்டை வாசிக்கும். அதற்கு அவர் வைத்த பெயரே அன்னப் பாட்டு. யூடியூபில் கேட்டுப் பாருங்கள். பெரிய சிறகுகள் மெதுவாக அடிப்பது காதில் விழும்.

இவ்வளவு காவியமும் இசையும் இருந்தும் ஊரில் துப்பாக்கி ஓயவில்லை. முட்டையையும் விட்டுவைக்கவில்லை. 1934இல் சட்டப் பாதுகாப்பு வந்தும் 1950 வாக்கில் நாடு முழுவதும் சுமார் 15 ஜோடிகள்தான் கூடு கட்டின. அப்போது இர்யோ கொக்கோ என்ற கால்நடை மருத்துவர் வடக்கே லாப்லாந்தின் சதுப்புகளில் அலைந்து, கூட்டைக் கண்டுபிடித்து, மறைந்திருந்து படம் எடுத்து, 1950இல் ஒரு புத்தகம் போட்டார். ஜனங்கள் அதைப் படித்தார்கள். துப்பாக்கி மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. இன்று அங்கே ஆயிரக்கணக்கான ஜோடிகள் இருக்கின்றன. எனக்கு அந்த நாணயத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வருவது அந்த மாட்டு டாக்டர்தான்.

அன்னம் சாகும் நேரத்தில் மட்டும் பாடும் என்கிறார்களே?
*– தஞ்சாவூர் வாசகர்*

பழைய கிரேக்க நம்பிக்கை அது. விஷம் அருந்துவதற்கு முன் சாக்ரடீஸ் தன் நண்பர்களிடம், அன்னம் துக்கத்தில் பாடுவதில்லை, தன் தெய்வத்திடம் போகிற சந்தோஷத்தில் பாடுகிறது என்று சொன்னதாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார். ரோம் நாட்டு எழுத்தாளர் பிளினி அப்போதே இதை மறுத்தார். கவனித்துப் பார்த்தால் இது பொய் என்று தெரிகிறது என்பது அவருடைய வாதம்.

பாடும் அன்னத்தின் மூச்சுக்குழல் நேராக நுரையீரலுக்குப் போவதில்லை. முதலில் மார்பெலும்பின் உள்ளே நுழைந்து, ஒரு வளையம் போட்டுத் திரும்பி வந்து, அப்புறம்தான் நுரையீரலுக்குப் போகும். நீளமான குழல் என்பதால் குரல் எக்காளம் மாதிரி தூரம் போகும். ஐரோப்பியப் பூங்காக்களில் நாம் பார்க்கிற, ஆரஞ்சு அலகின் மேல் கறுப்புக் குமிழ் உள்ள ஊமை அன்னத்துக்கு இந்த வளையம் கிடையாது. அது சீறும், செருமும். வாய்விட்டுப் பாடாது. ஆனால் பறக்கும்போது அதன் இறக்கைகளிலிருந்து ஒரு ரீங்காரம் வரும். லண்டனில் மகள் வீட்டிலிருந்து தேம்ஸ் கரைக்குப் போயிருந்தபோது முதலில் சத்தம்தான் கேட்டது, அப்புறம்தான் தலைக்கு மேலே பறவைகள் வந்தன.

இங்கிலாந்தில் உள்ள அன்னங்கள் எல்லாம் ராஜாவுக்குச் சொந்தம் என்பது உண்மையா?
*– நெய்வேலி வாசகர்*

முழு உண்மை இல்லை. திறந்த நீர்நிலையில் யாருடைய அடையாளமும் இல்லாமல் திரியும் ஊமை அன்னம் அரசருடையது என்பது பழைய உரிமை. இன்று தேம்ஸ் நதியின் சில பகுதிகளில் மட்டும்தான் அதைச் செலுத்துகிறார்கள். மற்ற அன்ன இனங்களுக்கு இது பொருந்தாது.

அங்கே அரசரோடு சேர்ந்து இரண்டு பழைய வணிகச் சங்கங்களுக்கும் பங்கு உண்டு. ஒன்று மது வணிகர் சங்கம், மற்றது சாயக்காரர் சங்கம். 15ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் உரிமை. முன்பெல்லாம் குஞ்சின் அலகில் கீறிவிடுவார்கள். சாயக்காரருக்கு ஒரு கீறல், மது வணிகருக்கு இரண்டு, அரசருடையதற்குக் கீறலே இல்லை. அந்த நாளில் அன்னம் விருந்துக்கு அறுக்கப்பட்ட பறவை, அதனால்தான் இத்தனை கணக்கு. இப்போது அலகைத் தொடுவதில்லை, காலில் வளையம் போடுகிறார்கள். ஆண்டுதோறும் ஜூலையில் துடுப்புப் படகுகளில் கிளம்பி, ஒரு குடும்பத்தைக் கண்டதும் குரல் கொடுத்துப் படகுகளால் வளைத்துப் பிடித்து, குஞ்சுகளை எடை போட்டு, காயம் இருக்கிறதா என்று பார்த்துத் திரும்பத் தண்ணீரில் விடுகிறார்கள். ஐந்து நாள் நடக்கும் கணக்கெடுப்பு.

இந்தக் கணக்கில் ஒரு காலத்தில் எண்ணிக்கை விழுந்துகொண்டே வந்தது. காரணம் ஈயம். பறவைக்குப் பல் இல்லை. சின்னக் கற்களை விழுங்கி இரைப்பையில் வைத்துக்கொண்டுதான் அன்னம் நீர்ச்செடியை அரைக்கிறது. ஆற்றின் அடியில் கல் பொறுக்கும்போது, தூண்டில்காரர்கள் நரம்பில் கோத்துவிட்டுத் தவறவிட்ட ஈயக் குண்டுகளையும் சேர்த்து விழுங்கியது. ஈயம் அரைபட்டு ரத்தத்தில் கலந்தது. நஞ்சு ஏறியதும் கழுத்துத் தசை செயலிழந்துவிடும். நிமிர்ந்து நிற்க வேண்டிய கழுத்து அடியில் மடிந்து முதுகின் மேல் சாய்ந்து கிடக்கும். இரை உள்ளே இறங்காது, பட்டினியாகவே செத்துப்போகும். பார்ப்பவர்கள் அன்னம் அழகாகத் தலை சாய்த்து ஓய்வெடுக்கிறது என்று நினைத்திருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்கு மனது தாங்கவில்லை. 1987இல் அந்த ஈயக் குண்டுகளுக்குத் தடை வந்தது. அதன் பிறகு அன்னங்கள் பெருகின. சட்டம் போட்டுக் கண்ணெதிரே பலன் கண்ட விஷயங்களில் இது ஒன்று.

பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் நம் நாட்டில் இருந்து அழிந்துவிட்டதா? இல்லை, எல்லாமே கற்பனையா?
*– கும்பகோணம் வாசகர்*

அழியவும் இல்லை, வெறும் கற்பனையும் இல்லை. அட்டைப்படத்தில் பார்த்தீர்களே, அந்த வெள்ளை ஸ்வான் நம் இலக்கியத்து அன்னம் அல்ல. அந்த இனங்கள் இந்தியாவுக்கு வருவதே மிக அபூர்வம். வடமேற்கில் எப்போதாவது குளிர்காலத்தில் வழிதவறி வந்தால் உண்டு.

நற்றிணையின் 356ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பரணர் பாடியது. கடலில் மேய்ந்த 'செங்கால் அன்னம்' இமயத்தின் உச்சியில் இருக்கும் தன் குஞ்சுக்கு இரை கொண்டுபோகிறது என்கிறார். காலைப் பாருங்கள், சிவப்பு! வடக்கத்திக் குளிர்நாட்டு ஸ்வான்களுக்கெல்லாம் கால் கறுப்பு. புறநானூற்றின் 67ஆம் பாட்டில் பிசிராந்தையார் அன்னச் சேவலைத் தூது விடுகிறார். குமரித் துறையில் அயிரை மேய்ந்துவிட்டு வடமலைக்குப் போகிற வழியில் உறையூர் மாடத்தில் இறங்கு, கோப்பெருஞ்சோழனிடம் பிசிராந்தையின் ஆள் என்று சொல், உன் பேடை அணிய நகை தருவான் என்கிறார். இரண்டு புலவர்களும் ஒரே பாதையைச் சொல்கிறார்கள். கடல் ஓரம் ஒரு பருவம், இமயத்துப் பக்கம் ஒரு பருவம்.

அந்தப் பாதையில் இன்றும் பறந்துகொண்டிருக்கும் பறவை ஒன்று இருக்கிறது. வரித்தலை வாத்து. வெளிர் சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கறுப்பு வரிகள், ஆரஞ்சுச் சிவப்பில் கால்கள். கோடையில் திபெத், லடாக் ஏரிகளின் பக்கம் குஞ்சு பொரிக்கும். மானசரோவர் வட்டாரமும் அதன் இடம்தான். குளிர் தொடங்கியதும் இமயத்தைத் தாண்டித் தெற்கே வரும். கருவி பொருத்திப் பார்த்ததில் 7,000 மீட்டருக்கு மேலேயும் பறந்தது பதிவாகியிருக்கிறது. மெல்லிய காற்றில் கிடைக்கிற கொஞ்சம் ஆக்சிஜனையும் இறுகப் பிடித்துக்கொள்ளும் ரத்தம் அதற்கு. நம் பழைய அன்னம் இதுதான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள், நானும் அந்தக் கட்சி. அயிரை மீன்தான் ஒட்டவில்லை. இது புல்லும் தானியமும் மேயும் பறவை.

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்கு ஜனவரியில் போங்கள். பகலில் குளத்தில் கூட்டமாக ஒதுங்கியிருக்கும். மாலை மங்கியதும் கரகரவென்று கூப்பிட்டுக்கொண்டே வயல் பக்கம் மேயக் கிளம்பும். பறவைகள் மிரளும் என்று அந்த ஊரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. இலக்கிய மேடைகளில் அன்ன நடை பற்றிப் பேசுகிறவர்கள் ஒருமுறையாவது அங்கே போய் வரப்பில் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

பால், நீர் விஷயம். 'நீரொழியப் பாலுண் குருகு' என்று நாலடியாரும் சொல்கிறது. வாத்து, அன்ன வகைகளின் அலகு ஓரத்தில் சீப்புப் பல் போல வரிசையாகத் தகடுகள் உண்டு. வாய் நிறையச் சேற்றுநீரை எடுத்து, தண்ணீரை ஓரமாக வெளியே தள்ளிவிட்டு இரையை நிறுத்திக்கொள்ளும். இது ஒன்று. தாமரைத் தண்டை ஒடித்தால் வெள்ளையாகப் பால் கசியும், தண்ணீருக்குள் இருக்கும் அந்தத் தண்டையும் கிழங்கையும் பறவை கொறிப்பதைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு வந்தது என்று இன்னொரு விளக்கமும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் மனதுக்கு ஒட்டுகிறது. தாமரைக் குளத்தங்கரையில் உட்கார்ந்து பார்த்தவர் யாரோ சொல்லியிருக்கிறார்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கிறார்கள். உச்சியில் அன்னம் வைத்த பழைய விளக்கு ஒன்றைக் கவனியுங்கள். கழுத்து குட்டை, அலகு தடிமன், வால் கொடிக்கருக்காகச் சுருண்டு விரிந்திருக்கும். இலங்கையின் அநுராதபுரத்தில் படிக்கட்டின் அடியில் பதித்த சந்திரவட்டக் கல்லில் அலகில் தாமரை மொட்டைக் கவ்விக்கொண்டு வரிசையாக நடக்கும் அன்னங்களும் இந்த உடம்புவாகுதான். அண்மைக் காலக் கல்யாணப் பத்திரிகைகளில்தான் நீளக் கழுத்து வெள்ளை ஸ்வான் வந்து உட்கார்ந்துகொண்டது. அச்சகத்தாரிடம் சொல்லி விளக்கு அன்னத்தையே போடச் சொல்லுங்கள். எவ்வளவு அழகான உருவம் அது!

அன்னம் ஜோடி பிரியாது என்பது நிஜமா?
*– கோவை வாசகி*

பெரும்பாலும் நிஜம். இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் பறவை ஆய்வாளர் பீட்டர் ஸ்காட் 1964 முதல், சைபீரியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் பெவிக் அன்னங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு குறித்துவந்தார். அலகில் கறுப்பும் மஞ்சளும் கலக்கும் விதம் ஒன்றைப் போல இன்னொன்றுக்கு இருக்காது. அதை வரைந்து வைத்துப் பெயரும் சூட்டினார்கள். அப்படித் தலைமுறை தலைமுறையாகப் பார்த்ததில் ஜோடி பிரிவது மிக மிக அரிது என்று தெரிந்தது. ஊமை அன்னங்களில் அவ்வப்போது பிரிவு நடக்கும். ஆஸ்திரேலியக் கறுப்பு அன்னத்தின் கூட்டில் சில குஞ்சுகளுக்குத் தந்தை வேறு என்று மரபணு ஆய்வு சொல்கிறது.

கறுப்பு அன்னம் உண்மையில் உண்டா?
*– ஆறாம் வகுப்பு மாணவன், வேலூர்*

உண்டு கண்ணா. உடம்பு கறுப்பு, அலகு பளிச்சென்ற சிவப்பு, இறக்கையை விரித்தால் ஓரத்தில் வெள்ளை. நடக்கவே நடக்காத விஷயத்துக்கு 'கறுப்பு அன்னம்' என்பதை உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஐரோப்பியர்கள், 1697இல் டச்சு மாலுமி விளாமிங்கின் தலைமையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆறு ஒன்றில் அவற்றை நேரில் பார்த்தார்கள். அந்த ஆற்றுக்கு இன்றும் ஸ்வான் நதி என்றே பெயர்.

அன்னா பாவ்லோவாவின் அன்ன நடனத்துக்கும் நம் பரதநாட்டியத்துக்கும் தொடர்பு என்று ஒரு பேச்சில் கேட்டேன். எப்படி?
*– அடையாறு வாசகி*

நடனத்துக்கு அல்ல, நடனக்காரருக்கு. 'சாகும் அன்னம்' சில நிமிடங்களே ஓடும் தனி நடனம். சேன் சான்ஸின் செல்லோ இசைக்கு ஃபோகின் அமைத்துக் கொடுத்தது. ரஷ்ய பாலே கலைஞர் பாவ்லோவா அதை உலகமெங்கும் ஆடினார். லண்டன் வீட்டுக் குளத்தில் அன்னங்கள் வளர்த்தார். அவருக்குப் பிடித்த ஜாக் என்ற அன்னத்தை அணைத்தபடி எடுத்த படங்கள் பிரசித்தம்.

ருக்மிணி தேவி 1928இல் பம்பாயில் அவருடைய நிகழ்ச்சியைப் பார்த்தார். அப்புறம் ஆஸ்திரேலியாவுக்குப் போன கப்பலில் இருவரும் சேர்ந்து பயணம் செய்யும் வாய்ப்பு அமைந்தது. பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் ருக்மிணி தேவி பாலே கற்கத் தொடங்கினார். உன் நாட்டுக் கலையைத் தேடிப் போ என்று வழிகாட்டியவர் பாவ்லோவா. அவர் 1931இல் காலமானார். 1936இல் ருக்மிணி தேவியின் நாட்டியப் பள்ளியான கலாக்ஷேத்ரா உருவானது. உங்கள் பேட்டையின் கதைதான் இது, பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நான் ஓவியம் படிக்கிறேன். அன்னத்தை வரைந்தவர்களில் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்?
*– கல்லூரி மாணவி, மதுரை*

யான் அசெலைன். டச்சுக்காரர். 1650 வாக்கில் அவர் வரைந்த 'அச்சுறுத்தப்பட்ட அன்னம்' ஆம்ஸ்டர்டாமின் ரிக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. பறவை கிட்டத்தட்ட நிஜ அளவு. இடது கீழ் மூலையில் தண்ணீரில் நீந்திவரும் நாயின் தலை மட்டும் தெரிகிறது. வலப்பக்கம் கூட்டில் முட்டைகள். நடுவில் அன்னம் இரண்டு இறக்கைகளையும் விரித்து, கழுத்தை வளைத்து, நாயைப் பார்த்துச் சீறுகிறது. பிய்ந்த இறகுகள் காற்றில் பறக்கின்றன. அன்னம் என்றால் சாந்தம் என்று வரைந்து தள்ளியவர்கள் நடுவில் இவர் ஒருவர்தான் தாயோ தகப்பனோ கூட்டைக் காக்கும் கோபத்தை வரைந்தார்.

படத்தில் பின்னால் யாரோ சில எழுத்துகளைச் சேர்த்தார்கள். முட்டை ஒன்றின் மேல் 'ஹாலந்து', நாயின் மேல் 'நாட்டின் பகைவன்', அன்னத்தின் கீழே ஹாலந்தின் தலைமை அமைச்சரின் பதவிப் பெயர். அப்படியே அது நாட்டைக் காத்த யோஹான் டி விட்டைப் பற்றிய அரசியல் படமாகிவிட்டது. டி விட் 1672இல் ஹேக் நகரத் தெருவில் கும்பலால் கொல்லப்பட்டவர். அவர் அந்தப் பதவிக்கு வந்தது 1653இல். ஓவியரோ 1652லேயே இறந்துவிட்டார். ஆக, அசெலைன் வரைந்தது ஓர் அன்னத்தைத்தான். 1800இல் அந்த அருங்காட்சியகத்துக்காக முதன்முதலில் வாங்கிய படமும் இதுவே.

அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெரிய அளவில் இலவசமாகக் கிடைக்கிறது, இறக்கிக்கொள்ளுங்கள். முதலில் இறக்கையை வரையப் போகாதீர்கள். சேற்றில் அகல ஊன்றியிருக்கும் கால்களைப் பெரிதாக்கி, உடம்பின் எடை எங்கே இறங்குகிறது என்று பார்த்துப் பென்சிலில் போட்டுப் பழகுங்கள். அப்புறம் இறக்கை. வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் இறகுகளின் ஓரம் மட்டும் பளீரென்றும், நடுவில் பழுப்பும் சாம்பலுமாகவும் இருக்கும். அந்தப் படத்தில் வெறும் வெள்ளைச் சாயம் எவ்வளவு குறைவு என்று பாருங்கள். வரைந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், இடம் கிடைத்தால் இந்தப் பக்கத்திலேயே போடச் சொல்கிறேன்.